மார்ச்சோட சரி

ஹலோ... ஹலோ, வாலண்டின்தான? ஆமா ஆமா, நான்தான், கேஸ்கே. எங்கப்பா இருக்க நீ? இங்க எல்லாரும் உன் வழியப் பாத்துக்கிட்டு... என்னது? கேக்கல. இங்க ஒரே சத்தமா இருக்கு. இரு, ஆபீஸ் ரூமுக்குள்ள போயிடறேன். வச்சிடாத, லைன்லயே இரு.

(கதவைச் சாத்துகிறாள். கூடத்துப் பேச்சுச் சத்தம் அடங்குகிறது.)

ம், இப்ப சொல்லு. நல்லாக் கேக்குது... என்ன பண்றாங்களா? உக்காந்திருக்காங்க, வேற என்ன பண்ணுவாங்க. மேசையெல்லாம் நீ சொன்ன மாதிரி அரை வட்டமாப் போட்டாச்சு. சொவத்துல உன் மஞ்சச் சீட்டெல்லாம் அப்படியே இருக்கு, ஒண்ணுகூட விழல. ஃபென்னா டேப் போட்டு ஒட்டிட்டா. உனக்குப் பிடிக்கும்னு ஆப்பிள் கேக் வேற பண்ணிருக்கா, காலையிலேர்ந்து அடுப்படிய விட்டு வெளிய வரல. அப்புறம் நம்ம பஸ் டிரைவர் இருக்கானே, ஓக்கோ, அவன் இஸ்திரி போட்ட சட்டையில வந்திருக்கான்! நம்புவியா? ... அட, ஓக்கோதான்! பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி மொத வரிசையில விறைப்பா உக்காந்திருக்கான். 'நம்ம திட்டம் பாஸாயிடுச்சுன்னு சொல்ல வர்றாங்க, எண்ணெய்ச் சட்டையோடவா கைகுடுக்கறது'ங்கறான்...

என்னப்பா, சிரிக்கக்கூட மாட்டேங்கற?

பாஸ்டர் எங்க, உன்கூடத்தான வர்றாரு? ... வரலையா? ஏன், உடம்பு ஏதும்... ஓ. சரி. அப்ப நீ மட்டும் வா, பரவால்ல. எந்த வண்டியில இருக்க? ... ஓல்டன்பர்க் ஸ்டேஷன்லயா? இன்னுமா! ... வண்டிதான் ஒண்ணு போனா ஒண்ணு வந்துட்டே இருக்குமே. ஏன் ஏறல?

...

ம்.

... ம், சொல்லு. கேட்டுட்டுதான் இருக்கேன்.

... நேத்து கமிட்டி கூடுச்சு, அது தெரியும். கூடிருப்பாங்க, கை தூக்கிருப்பாங்க, காபி குடிச்சிட்டுக் கெளம்பிருப்பாங்க. அது வெறும் சடங்குதான்னு பாஸ்டரே சொன்னாரே...

...

இரு இரு. வேகமாச் சொல்லாத. திரும்பச் சொல்லு.

... மூடறதுன்னா, மாடிய மூடறதத்தான சொல்ற? அந்தப் படுக்கற ரூமுங்கள? அது நாமளே எழுதினதுதான, அதுக்கென்ன...

முழுசாவா?

வாலண்டின், முழுசான்னா... கீழயுமா? ஹாலு, அடுப்படி, ஜெப ரூமு, பஸ்ஸு... இந்த மாலுமி விடுதியேவா?

... எப்போ? ... மார்ச்சா? எந்த மார்ச்? ... இந்த மார்ச்சா!

(நாற்காலியில் உட்காருகிறாள்.)

இல்ல இல்ல, லைன்லதான் இருக்கேன். உக்காந்தேன், அவ்ளோதான். நாற்காலிச் சத்தம் அது.

இங்க பாரு, நீ எதையோ தப்பாப் புரிஞ்சிக்கிட்டிருக்க. பாஸ்டர் எல்லெர்ஸ் போன வாரம்தான் இங்க வந்தாரு. ... ஆமா, கமிட்டித் தலைவர், அவரேதான், வேற எந்த எல்லெர்ஸ்? இதே ஹால்ல உக்காந்து கேல் கீரையும் சாசேஜும் ரெண்டு தட்டு சாப்பிட்டாரு. சாப்பிட்டு முடிச்சு, ஃபென்னா கையப் பிடிச்சுக்கிட்டு, 'கப்பல்ல வர்ற இந்தப் பிள்ளைங்களுக்கெல்லாம் நீதாம்மா தாய்'னு சொல்லிட்டுப் போனாரு. அவ அன்னைக்கு முழுக்கத் தரையில நடக்கல. மூடப் போற வீட்ல வந்து யாராச்சும் ரெண்டு தட்டு சாப்பிடுவாங்களா? ... சாப்பிடுவாங்களா, சொல்லு?

...

சரி. சாப்பிடுவாங்க போல.

(கதவு திறக்கிறது.)

என்ன ஃபென்னா? ... ஆமா, அவர்தான் லைன்ல. ... இன்னும் வந்து சேரல. டீயா? தண்ணிய மட்டும் கொதிக்க வை, ஊத்தாத. ... கேக்க வெட்டாத, இரு, அவசரப்படாத. ... என் மூஞ்சிக்கு என்ன? ஒண்ணுமில்ல, தலவலி. நீ போ. போம்மா, வர்றேன்னு சொல்றேன்ல. கதவ சாத்திட்டுப் போ.

(கதவு சாத்தப்படுகிறது.)

கேட்டுச்சா? ... அவதான். 'ஹானோவர்க்காரருக்கு டீ குடிக்க இப்பவாச்சும் வருதா'ன்னு கேக்கச் சொல்றா. ... ஆமா, அந்தக் கதைய அவ விடவே மாட்டா. மொத நாள் வந்து, இந்த ஊர்ல யாரும் கலக்காத க்ரீம் டீயில நீ ஸ்பூன விட்டுக் கலக்கினப்ப, 'என்னங்க பண்றீங்க, அது என்ன சிமெண்டா'ன்னு கத்தினாள்ல. அன்னைக்கே நீ அவளுக்கு வீட்டு ஆளாயிட்ட. கத்தினா சொந்தம், கும்பிட்டா அந்நியம், அவ கணக்கு அது.

அவகிட்ட நான் என்ன சொல்றது வாலண்டின்?

... 'பக்குவமா'வா? எதப் பக்குவமாச் சொல்றது? மார்ச்சோட சரிங்கறத பக்குவமாச் சொன்னா ஏப்ரல் ஆயிடுமா?

... சரி சரி, கத்தல. சொல்லு. என்ன காரணம் சொன்னாங்க? ஏதோ ஒண்ணு சொல்லிருப்பாங்கள்ல. ... ம். ... ம். ஆமா, கப்பலுங்க இப்ப துறைமுகத்துல ஒரு நாள்கூட நிக்கறதில்ல, தெரியும். மாலுமிங்க கையில ஃபோன் இருக்கு, வீட்டுக்குப் பேசறதுக்கு எங்ககிட்ட வர வேண்டியதில்ல, அதுவும் தெரியும். இத நீ சொல்லியா நான் தெரிஞ்சிக்கணும்? தினம் காலி நாற்காலியப் பாக்கறது நான்தான. அதனாலதான மாறணும்னோம்! மாறத்தான் வழி தெரியலன்னு ஒரு ஆலோசகரா உன்ன வரவழைச்சாங்க! கப்பல் நம்மகிட்ட வரலன்னா நாம கப்பல்கிட்டப் போவோம்னு சொன்னது யாரு? நீதான. இந்தப் பெரிய வீட்ட விட்டுட்டு, கண்டெய்னர் யார்டு வாசல்ல சின்னதா ஒரு ரூமு. ஒரு ஹீட்டரு, காபி மெஷினு, ஓக்கோவோட பஸ்ஸு. அதுவாச்சும் நிக்கும்னுதான ஆளாளுக்கு ஒண்ண விட்டுக் குடுத்தோம். அந்த சின்ன ரூமு என்னாச்சு? ... அதுவும் இல்லையா?

... 'இப்போதைக்கு'ன்னா?

வாலண்டின், உங்க ஆளுங்க பாஷைய எங்கிட்டப் பேசாத. 'இப்போதைக்கு ஒத்தி வச்சிருக்கு'ன்னா இல்லைன்னு அர்த்தம். இத்தன மாசம் உன்கூடப் பழகிருக்கேன், இதுகூடவா தெரியாது?

வேற என்ன சொன்னாங்க? ... சொல்லு. ... எதையோ முழுங்கற. துப்பிடு.

...

எதக் காட்டினாங்க?

... நம்ம சொவரையா? இந்தச் சீட்டு ஒட்டின சொவரையா? ... ஃபோட்டோவா? அத யாரு எடுத்தா? ... ஆமா, நீதான் எடுத்த. ஞாபகம் இருக்கு. எங்கள எல்லாரையும் முன்னாடி நிக்க வச்சு எடுத்த. ஓக்கோ கண்ண மூடிட்டான்னு இன்னொரு தடவ எடுத்த.

அது எப்படிப்பா? நீ கேட்ட கேள்வி என்ன? 'இந்த விடுதி பொழைக்கறதுக்காக நான் எத விட்டுக் குடுப்பேன்?' அதான கேள்வி? அதுக்குத்தான ஆளுக்கொரு சீட்டு எடுத்து எழுதினோம். பொழைக்கறதுக்காக! அந்த ஒரு வார்த்தைய உருவிட்டு மிச்சத்த மட்டும் காட்டினா... என்ன? ... 'அவங்களே மாடி வேணாங்கறாங்க, அவங்களே அடுப்படி வேணாங்கறாங்க, அப்புறம் எதுக்கு வீடு'... அப்படியேவா? பாஸ்டர் வாயாலயா?

ஃபென்னா சீட்டையும் படிச்சாங்களா? ... பேரோடயா?

ஐயோ.

உனக்குத் தெரியுமா, அவ அத எழுதவே மாட்டேன்னா. ஒவ்வொரு கூட்டத்துலயும் கையக் கட்டிக்கிட்டு மூலையில உக்காந்திருப்பா. நீதான் எங்கிட்ட வந்து, 'கேஸ்கே, ஃபென்னா ஒத்துக்கலன்னா மத்தவங்களும் நகர மாட்டாங்க, நீ பேசு'ன்ன. நான் அவ வீட்டுக்குப் போனேன். 'காலம் மாறுது ஃபென்னா, நாம பிடிச்ச பிடியில நின்னா இருக்கறதும் போயிடும்'னு நீ சொல்லிக் குடுத்ததெல்லாம் ஒப்பிச்சேன். அவ அழல. ஒரு சட்டிய எடுத்துத் தேய்ச்சுக்கிட்டே இருந்தா. அது ஏற்கனவே தேய்ச்ச சட்டி. மறுநாள் வந்தா. யார்கிட்டயும் ஒரு வார்த்த பேசல. சீட்ட எடுத்து, 'என் அடுப்படிய விட்டுத் தர்றேன்'னு எழுதி நட்ட நடு சொவத்துல ஒட்டிட்டு, உருளைக்கிழங்கு உரிக்கப் போயிட்டா. நீ கை தட்டின. எல்லாரும் தட்டினாங்க. நானும் தட்டினேன்.

இப்ப அவ எழுதினத வச்சே அவளை...

... இல்ல, மன்னிப்பு இப்ப வேணாம். அத வச்சுக்க. ஒண்ணு மட்டும் சொல்லு. உனக்கு எப்பத் தெரியும்?

... நேத்துத்தானா?

நேத்துத்தானான்னு கேட்டேன்.

... வாலண்டின்?

... ம்.

... ம். அக்டோபர்லயேவா.

... 'மூணு வழி வச்சிருந்தாங்க, இது கடைசி வழி.' சரி. கடைசி வழின்னாலும் அதுவும் ஒரு வழிதான? ... எங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருந்துச்சா. ... ஆமா ஆமா, ஒப்பந்தம்னா ஒப்பந்தம்தான். நீ ஒப்பந்தத்த மீறற ஆளில்ல.

அப்ப அந்த ஜார்ஜியாக்காரர் வந்தப்ப? போன மாசம். அப்பவும் உனக்குத் தெரியும்.

... மறந்திருக்க மாட்ட, சும்மா சொல்லாத. கப்பல்ல எஞ்சின் ரூம்ல இருந்தவரு. மக செத்துட்டான்னு இந்த ஹால்ல உக்காந்திருக்கும்போதுதான் அவருக்கு ஃபோன் வந்துச்சு. கையில ஃபோர்க்க வச்சிருந்தாரு, கீழ வைக்கத் தெரியல, அப்படியே பிடிச்சிட்டிருந்தாரு. மாத்து ஆள் இல்ல, கப்பலோட போயே ஆகணும். நீதான் பாத்தியே! ஓக்கோ என்ன பண்ணான்? அவர பஸ்ல ஏத்தினான். அவர் பாஷை இவனுக்குத் தெரியாது, இவன் பாஷை அவருக்குத் தெரியாது. டாக்கு டாக்கா சுத்திட்டே இருந்தான், அவரா இறக்கி விடுன்னு சொல்ற வரைக்கும். பின் சீட்ல யாரு இருந்தா? நீ. திரும்பி வந்து, இதே ரூம்ல நின்னு, கண்ணத் தொடச்சிக்கிட்டு என்ன சொன்ன? 'கேஸ்கே, இந்த வீடு நிக்கணும்'ன. நான் கேக்கல. நீயாச் சொன்ன.

... நெஜமாத்தான் சொன்னியா? நெஜமாத்தான் சொல்லிருப்ப. அதான் எனக்கு விளங்க மாட்டேங்குது. இங்க அழுததும் நெஜம். மறுநாள் ஹானோவர் போய், மூடறதுன்னா எப்படி மூடலாம்னு அவங்களுக்கு விளக்கினதும் நெஜம். ரெண்டையும் ஒரே ஆளு எப்படிச் செய்ய முடியுது? ... இல்ல, குத்திக் காட்டல. தெரிஞ்சிக்கத்தான் கேக்கறேன்.

... தெரியலையா. ம்.

(கதவு தட்டப்படுகிறது.)

யாரு? ... ஓக்கோ! வா. ... கப்பல் வந்து கரையில கட்டியாச்சா? எங்க, வடக்கு யார்டுலயா? ... மாலுமிங்க கடைக்குப் போகணுமாமா. கூட்டிட்டு வாயேன். ... இல்ல, கூட்டம் இன்னும் ஆரம்பிக்கல. அவரு... அவரு வர நேரமாகும். நீ போயிட்டு வா. ... அட போப்பா, உன்ன விட்டுட்டு நாங்க ஆரம்பிக்க மாட்டோம். சட்டை கசங்காது, மேல கோட்டப் போட்டுக்க. ... ஓக்கோ! மெதுவா ஓட்டு, ரோடெல்லாம் ஐஸ். ... தெரியும்ப்பா, உனக்குத் தெரியும். சும்மாச் சொன்னேன். போ.

(கதவு சாத்தப்படுகிறது.)

அனுப்பிட்டேன். நல்ல வேளை ஒரு கப்பல் வந்துச்சு. அவன் அந்தச் சட்டையோட எதுக்க உக்காந்திருந்தா என்னால வாயத் தொறக்க முடியாது. அவனப் பத்தி ஏதாச்சும் பேசினாங்களா? ... என்ன பேரு? ... 'இயல்பான விலகல்.' அதாவது வயசாயிடுச்சு, தானா உதுந்துடுவான், நாம பறிக்க வேண்டியதில்ல. நல்ல பேரு. யாரு வச்சது? நீயா? ... நீ இல்லையா. சரி.

இரு, நான் ஒண்ணு யோசிக்கறேன். கேளு. பத்திரிகைக்காரங்கள இங்க கூப்பிட்டா? ... ம். ஒரு நாள் போட்டோ போடுவாங்க, மறுநாள் கால்பந்து. சரிதான். ... ஹானோவர் தலைமையகத்துல நேராப் போய் உக்காந்தா? ... அவங்க ஒப்புதலும் வாங்கியாச்சா. ... அப்ப துறைமுகத்துக்காரங்க? கப்பல்ல வர்றவங்களுக்கு ஒதுங்க ஒரு எடம் வேணும்னு அவங்களுக்கும் அக்கறை இருக்கும்ல, அவங்க ஒரு வார்த்த சொன்னா... என்ன? ... எடத்தக் கேட்டதே அவங்களா?

... லாரி நிறுத்தவா?

லாரி நிறுத்த எடம் பத்தலையாமா. இந்த ஊர்ல. கண்ணுக்கெட்டின வரைக்கும் புல்லும் சேறும் தவிர ஒண்ணுமில்லாத ஊர்ல, எங்க வீட்ட இடிச்சாத்தான் லாரிக்கு எடம்.

விக்கற பத்திரத்துல இன்னும் கையெழுத்து ஆகலல்ல? அத நிறுத்தலாம்ல? ... ஆயிடுச்சா. எப்போ? ... நேத்து கமிட்டி கூடறதுக்கு முன்னாடியேவா!

(சிரிக்கிறாள்.)

இல்லப்பா, சிரிக்காம என்ன பண்ணச் சொல்ற? வீட்ட வித்துட்டாங்க. வித்துட்டு வந்து, வட்டமா உக்காந்து, வீடு இருக்கட்டுமா வேணாமான்னு கை தூக்கிருக்காங்க. யாராச்சும் இருக்கட்டும்னு தூக்கினாங்களா? ... ஒருத்தர் தூக்கினாரா! யாரு? ... பேர் சொல்லக் கூடாதா. அதுவும் ஒப்பந்தமா.

அப்ப உங்கள எதுக்கு வரவழைச்சாங்கன்னு இப்பத்தான் புரியுது, வாலண்டின் பிராக்மையர் சார்.

... ஆமா, சார்னுதான் சொன்னேன். ... இல்ல, கோவத்துல வரல. நீங்கதான் மொத நாள் சொன்னீங்க, இங்க 'நீங்க, வாங்க'ல்லாம் வேணாம், பேரச் சொல்லி 'நீ'ன்னே பேசிக்குவோம், அப்பதான் மனசு தொறக்கும்னு. ஓக்கோவுக்கு அது வாயிலயே நொழையல. உங்கள எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியாம ரொம்ப நாள் தோள்ல தட்டிக் கூப்பிட்டுட்டிருந்தான். மனசு தொறந்துச்சு சார். நல்லாவே தொறந்துச்சு. அதத்தான போட்டோ எடுத்துட்டுப் போனீங்க.

நாங்க கத்தக் கூடாது. ஊரக் கூட்டக் கூடாது. கப்பல்காரங்ககிட்டச் சொல்லி நாலு பேர இழுக்கக் கூடாது. அதுக்குத்தான நீங்க? இத்தன மாசம் நாங்க நம்பிக்கையோட சீட்டு எழுதிட்டிருந்தோம். எழுதாம இருந்திருந்தா வேற ஏதாச்சும் பண்ணிருப்போம். ... பண்ணிருந்தாலும் இதேதான் நடந்திருக்குமா? இருக்கலாம். இதே மார்ச்ல இதே மாதிரி மூடிருக்கலாம். ஆனா அது எங்க தோல்வியா இருந்திருக்கும் சார். எங்க கையால தோத்திருப்போம். இப்ப அதுகூட இல்ல. எங்க கையெழுத்துல நாங்களே மூடிக்கிட்ட மாதிரி ஆக்கிட்டீங்க.

... இல்ல, 'நான் பாத்த குழுவுலயே நீங்கதான் சிறந்த குழு'ன்னு சொல்லாதீங்க. ஆமா, நல்ல குழுதான். வெட்டப் போற ஆடும் நல்லாத்தான் மேய்ஞ்சிருக்கும்.

...

சார்? ... என்ன சத்தம் அது? ... அழறீங்களா?

பிளாட்பாரத்துல நின்னுக்கிட்டு அழாதீங்க சார். போற வர்றவங்க பாப்பாங்க. ஒரு ஓரமாப் போய் உக்காருங்க. ... நானா? நான் அழல. எனக்கு இன்னும் வரல. ராத்திரி வருமோ என்னமோ.

... என்ன, இன்னொரு விஷயமா? இதுக்கு மேல என்ன இருக்கு?

... எனக்கா?

... ஹானோவர்லயா? என்ன வேலை அது? ... 'மாற்றத் துணை.' அப்படின்னா? ... ம். ... ம். மத்த ஊர்லயும் நம்ம விடுதிங்க இருக்கு. அங்கயும் மாற்றம் வரப் போகுது. நான் போய் அவங்ககூட உக்காந்து, டீ குடிச்சு, பேரச் சொல்லிக் கூப்பிட்டு... சீட்டு எழுத வைக்கணும். உங்கள மாதிரி.

... இல்ல, நீங்க நல்ல மனசோடதான் சொல்றீங்க. தெரியுது. சண்ட போட்டு வாங்கினீங்களா? ... ஆமா, என் வயசுக்கு இந்த ஊர்ல வேற யாரு வேலை குடுப்பா. எனக்குத் தெரிஞ்சது இந்த ஒண்ணுதான். ... ஃபென்னாவுக்கு ஏதாச்சும் கேட்டீங்களா? ... கேட்டீங்க. சரி. கேட்டதுக்கு சந்தோஷம். ஓக்கோவுக்கு... அவன்தான் தானா உதுந்துடுவானே.

இதுக்கு என்ன நிபந்தனை? ... ஏதோ இருக்கும், சும்மா தர மாட்டாங்க. ... ம். மார்ச் வரைக்கும் இங்க நான் பாத்துக்கணும். யாரும் சத்தம் போடாம. ... 'அமைதியா'ன்னுதான் சொன்னீங்களா? சரி, அமைதியா. நான் முடியாதுன்னா?

...

கிறிஸ்மஸோடயே பூட்டிடுவாங்களா.

இந்த ஊர் பொம்பளைங்க பின்னின கம்பளித் தொப்பி, மூட்டை மூட்டையா மாடிப்படியில கெடக்குது சார். ஒவ்வொரு கப்பலுக்கும் கிறிஸ்மஸுக்கு ஏத்தி விடணும். அது முடிஞ்சா ஜனவரி, பிப்ரவரி. அப்பத்தான் இங்க கொஞ்சமாச்சும் ஆளே வரும். வெயில் நாட்டுலேர்ந்து வந்தவங்க, காது செவந்து, மூக்கு ஒழுகிட்டு, ஒரு மணி நேரம் ஹீட்டர் பக்கத்துல உக்காந்துட்டுப் போலாம்னு வருவாங்க. பூட்டு தொங்கினா அந்தக் காத்துல வாசல்ல நிப்பாங்க. கப்பலுக்குத் திரும்ப நடந்து போக முடியாது, அவ்ளோ தூரம். உங்களுக்குத் தெரியும், நடந்து பாத்தீங்களே.

... யோசிக்க நேரமா? எதுக்கு?

சரின்னு சொல்லிடுங்க. ... ஆமா. சரின்னுதான் சொன்னேன். மார்ச் வரைக்கும் நான் பாத்துக்கறேன். ... அந்த ஹானோவர் வேலையா? அதையும் சேத்துத்தான தர்றாங்க, தனியா வராதுல்ல? ... அப்ப அதுவும் சரி. நான் சரின்னுதான் சொல்வேன்னு உங்களுக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். அதனாலதான் மொத ஃபோன் எனக்கு வந்துருக்கு. ... நன்றியெல்லாம் சொல்லாதீங்க. தயவு பண்ணிச் சொல்லாதீங்க.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வாங்க. அடுத்த வண்டியில ஏறி வந்துடுங்க. யாரும் உங்களத் திட்ட மாட்டாங்க, எங்க ஊர்க்காரங்களுக்கு வாய் விட்டுத் திட்டவும் வராது. நீங்க பேச வேணாம். நானே சொல்றேன். நீங்க சும்மா பக்கத்துல நில்லுங்க. ஒரு ஆளு வந்து நின்னான்னு இருக்கட்டும். அத்தன மாசம் வந்தீங்க, இந்த ஒரு நாள்... ... முடியாதா. ... கமிட்டி வக்கீல் வர வேணாம்னாரா.

ம். சரி.

(கதவு திறக்கிறது.)

என்னம்மா? ... ஆமா, இன்னும் பேசிட்டுதான் இருக்கேன். ... அவரா? அவரு வண்டி... வண்டி லேட்டாம் ஃபென்னா. ஓல்டன்பர்க்லயே நிக்குதாம். ... ஆமா, ரயில்காரங்கள என்ன சொல்றது, என்னைக்குத்தான் நேரத்துக்கு வந்தாங்க. ... வருவாரு, வருவாரு. நீ கேக்க வெட்டிடு. டீய ஊத்திடு. எல்லாரும் சாப்பிடட்டும், பாவம், எவ்ளோ நேரம் உக்காந்திருப்பாங்க.

... கேட்டுச்சா சார்? வாயில வந்துடுச்சு. யோசிக்கக்கூட இல்ல. எவ்ளோ சுளுவா வருது பாத்தீங்களா? அந்த வேலைக்கு நான் இப்பவே லாயக்குதான்.

... இல்ல, உங்களச் சொல்லல. என்னச் சொல்லிக்கிட்டேன்.

... ஃபென்னா, இன்னும் போகலையா நீ? என்ன? ... அவர்கிட்டப் பேசணுமா? இப்ப எதுக்கு? ... அவருக்கு ஓரத்துத் துண்டு எடுத்து வச்சிருக்கன்னு நான் சொல்லிடறேன், நீ போ. ... நீயே சொல்லணுமா.

...

சார். ஃபென்னா உங்ககிட்டப் பேசணுங்கறா. ... இல்ல, நான் ஒண்ணும் சொல்லல, நீங்களே கேட்டுட்டுதான இருந்தீங்க. வண்டி லேட்டு, அவ்ளோதான் அவளுக்குத் தெரியும். ... குடுக்கட்டுமா? ... குடுக்கறேன் சார். நீங்க எதையும் சொல்ல வேணாம். 'எப்படி இருக்க ஃபென்னா'ன்னு ஒரு வார்த்த கேளுங்க, போதும். அவ கொரல ஒரு தடவ கேளுங்க. ... சார், ப்ளீஸ். ... இந்தா ஃபென்னா. பேசு.

...

என்ன? ... யாரும் பேசலையா? கொண்டா இங்க.

ஹலோ? ... ஹலோ, சார்? ... வாலண்டின்?

...

வச்சிட்டாரு.

... இல்ல ஃபென்னா, லைன் கோளாறு இல்ல. அவர்தான் வச்சிட்டாரு. ... இல்லம்மா, திரும்பக் கூப்பிட மாட்டாரு. வண்டியும் லேட்டில்ல. நான் பொய் சொன்னேன்.

அந்தத் தட்டக் கீழ வை. வச்சிட்டு உக்காரு. இங்க, என் பக்கத்துல உக்காரு.